வெள்ளை உடுப்பு சீசனும் ஒரு பாப்பானவரும்

ஈஸ்டர் கழிந்தால் மே மாதம் முடியும்வரை என் கடையில் வெள்ளைத் துணிதான். களியக்காவிளையில் தையல் கடை வைத்திருப்பவனுக்கு அது இன்னொரு ஓணம். இந்தப் பக்கம் குழித்துறை மறைமாவட்டப் பங்குக் கோயில்களிலிருந்து புதுநன்மைக்கு, அதாவது பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தைப் பிள்ளைகள் முதல் தடவை வாங்குகிற நாளுக்கு, உடுப்பு தைக்க வருவார்கள். செக்போஸ்ட் தாண்டி கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதையே ஆத்ய குர்பானை என்பார்கள். அளவெடுக்கும்போது பேசுகிற பாஷை மாறும், அவ்வளவுதான். சாட்டின், நெட், பாவாடை விரிந்து நிற்க உள்ளே கேன்கேன், தலைக்கு முத்து வைத்த முடி, பையன்களுக்கு முழுக்கைச் சட்டை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. சில பங்குகளில் சாமியார்மார், வீட்டுக்கு வீடு போட்டி வேண்டாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி நீள அங்கி என்று தீர்மானித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருமானம் குறைவு. ஆனாலும் நியாயம்தான்.

இந்தச் சீசனை உண்டாக்கியவர் பத்தாம் பயஸ். எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் பத்தாம் பத்திநாதர் என்பார்கள். 1903 முதல் 1914 வரை பாப்பானவராக, அதாவது போப்பாக, இருந்தவர். இன்றைக்குப் பழைய முறைதான் சரி என்று நிற்கிற கத்தோலிக்கர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவரும் இவரே. 1970இல் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு ஆயர் தொடங்கிய அவர்களுடைய சபைக்கே இவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த வகையைச் சேர்ந்த ஒரு பெரியவர் என் கடைக்கு வருவதுண்டு. மார்த்தாண்டம் பக்கத்து ஆள். பாளையங்கோட்டையில் நடக்கிற லத்தீன் பூசைக்கு முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறிவிடுவார். பேரனுக்குப் பீடச் சிறுவர் உடுப்பு தைக்க வந்தவர், லேஸ் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும் என்று போனில் படம் காட்டினார். முளகுமூடு கன்னியர் மடத்து லேஸ் வேலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கே லேஸ் பாடம் நடத்தினார். பேச்சுவாக்கில், "பத்தாம் பயஸோட எல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி. அவரு ஒரு புள்ளிகூட மாத்த விடமாட்டாரு" என்றார்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. புள்ளியை மாற்ற விடாதவர் என்றால், நான் தைக்கிற இந்த உடுப்பெல்லாம் எப்படி வந்தது? அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆளுடைய பிறப்பே எனக்குப் பிடித்துவிட்டது. இத்தாலியில் வெனிஸிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, திரெவீசோ பக்கத்தில் ரியேசே என்றொரு கிராமம். 1835 ஜூன் 2ஆம் தேதி அங்கே பிறந்தார். இயற்பெயர் ஜுசெப்பே சார்த்தோ. அப்பா ஊர் அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏவலர். அம்மா மார்கரித்தா தையல்காரி. அதனால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, சொல்லிவிடுகிறேன். வீட்டில் பத்துப் பிள்ளைகள். இவர் ஏழு கிலோமீட்டர் அளவு நடந்து காஸ்தெல்ஃபிராங்கோ பள்ளிக்கூடத்துக்குப் போனார். செருப்பு தேயக் கூடாதென்று கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பாராம். அப்பா 1852இல் இறந்தார். மூத்தவன் வீட்டைப் பார்க்கட்டும் என்று படிப்பை நிறுத்தாமல், அம்மா தைத்துத் தைத்தே சமாளித்தாள்.

1858இல் குருப்பட்டம். அதன் பிறகு 17 வருடம் தொம்போலோ, சல்சானோ என்ற இரண்டு ஊர்களில் பங்கு வேலை. தொம்போலோவில் மாட்டு வியாபாரிகள் அதிகம். எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டவர்களிடம், கெட்ட வார்த்தை பேசாமல் இருந்தால் போதும் என்றாராம். எங்கள் சந்தையில் அந்த ஃபீஸைக் கேட்டால் ஒருவன் படிக்க வரமாட்டான். சல்சானோவில் 1873இல் காலரா வந்தபோது வீடு வீடாகப் போனவர், செத்தவர்களைப் புதைக்கக் கூடவே நின்றவர். 1884இல் மாந்துவாவுக்கு ஆயர், 1893இல் வெனிஸுக்குக் கர்தினால். கையில் பணம் நின்றதாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மோதிரத்தை அடகு வைத்த கதைகள் நிறைய.

1903இல் பதின்மூன்றாம் லியோ இறந்ததும், ரம்போல்லா என்ற கர்தினால்தான் அடுத்தவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். வோட்டும் அவருக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் கிராக்கோவ் கர்தினால் எழுந்து, ஆஸ்திரியப் பேரரசருக்கு ரம்போல்லா வேண்டாமாம் என்று அறிவித்தார். அரசன் ஒருவன் பாப்பானவர் தேர்தலில் கை வைத்த கடைசித் தடவை அது. சார்த்தோ, தன்னை விட்டுவிடும்படி அழுது கெஞ்சினார். ஆனாலும் ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெனிஸிலிருந்து ரோமுக்கு அவர் எடுத்தது போகவர டிக்கெட். வந்ததும் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, இனி எந்த அரசனும் இப்படித் தலையிடக் கூடாது என்று 1904இல் சட்டம் போட்டது. தன்னைப் பாப்பானவராக்கிய அந்த வழியையே அடைத்துவிட்டார். இது எனக்குப் பிடித்த இடம்.

தனியாகச் சாப்பிட வேண்டும் என்ற அரண்மனை வழக்கத்தை விட்டார். ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் முற்றத்தில் ஜனங்களை உட்காரவைத்து, பங்குச் சாமியார் மாதிரி ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். சகோதரிகளுக்குப் பிரபுப் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் கறுப்பு உடுப்போடு சாதாரணமாகவே ரோமில் இருந்தார்கள்.

சரி, புதுநன்மைக்கு வருவோம்.

ஆதியில் கைக்குழந்தைக்கே நற்கருணை கொடுத்து வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்றைக்கும் ஞானஸ்நானத்தோடு குழந்தைக்குக் குர்பானை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வயதுக் கேள்வியே கிடையாது. லத்தீன் சபையில் அது பைய நின்றுபோய், 1215இல் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கம், புத்தி தெளிந்த வயது வந்தவர்கள் வருடத்தில் ஒரு தடவையாவது வாங்க வேண்டும் என்று வைத்தது. புத்தி தெளிந்த வயது எது? அங்கேதான் ஆளுக்கொரு கணக்கு. பத்து என்றார்கள், பன்னிரண்டு என்றார்கள், சில ஊர்களில் பதினாலுக்கு மேலும் போனது. நீ தகுதியா, நீ சுத்தமா என்று ஜனங்களைப் பயமுறுத்தியே பந்தியிலிருந்து தள்ளி வைக்கிற ஒரு போக்கு பிரான்ஸ் பக்கமிருந்து பரவியிருந்தது. பெரியவர்களே வருடத்தில் நாலைந்து தடவை வாங்கினால் பெரிய பக்தி.

பத்தாம் பயஸ் இதைத் தலைகீழாக்கினார். 1905 டிசம்பரில் ஒரு ஆணை: பெரிய பாவம் இல்லாமல், நல்ல மனசோடு வருகிறவர்கள் அடிக்கடி வாங்கலாம், தினமும்கூட வாங்கலாம். 1910 ஆகஸ்ட் 8இல் இன்னொன்று: ஏழு வயதை ஒட்டிப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரிகிறது; சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், கொடுத்துவிடுங்கள். முழு ஞானோபதேசமும் தலைகீழாகச் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. இதை வருடந்தோறும் ஈஸ்டர் காலத்தில் அந்தந்த ஊர்ப் பாஷையில் ஜனங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியும் அந்த ஆணையில் இருக்கிறது.

அயர்லாந்தில் கார்க் நகரத்து நெல்லி என்ற நாலு வயதுக் குழந்தை இதற்குப் பின்னால் இருப்பதாகச் சொல்வார்கள். நோயாளிக் குழந்தை. நற்கருணை வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தது. 1907இல் ஆயர் அனுமதி கொடுத்தார். 1908 பிப்ரவரியில் இறந்துபோனது. அந்தக் கதை ரோமுக்குப் போய் பாப்பானவர் மனசைத் தொட்டது என்பார்கள். எவ்வளவு சரியோ, அதற்கு முன்பே அவர் மனசு அந்தப் பக்கம்தான் இருந்தது என்பது 1905 ஆணையைப் பார்த்தாலே தெரிகிறது.

1910இல் நாங்கள் திருவிதாங்கூர். நாகர்கோவில், குழித்துறைப் பக்கமெல்லாம் கொல்லம் மறைமாவட்டத்துக்குக் கீழே. ஆயர் பென்சிகர், சுவிட்சர்லாந்துக்காரர், கர்மேல் சபை. 1905இல் அவர் கொல்லத்து ஆயராகப் பொறுப்பேற்றதும் இதே பத்தாம் பயஸ் காலத்தில்தான். ரோமில் போட்ட ஆணை அவர் வழியாக எங்கள் ஓலைக்கூரைக் கோயில்கள்வரை வந்து, உபதேசியார் வாயால் வாசிக்கப்பட்டிருக்கும். எங்கள் பாட்டி சொல்வாள்: அவளுடைய அம்மாவுக்குப் புதுநன்மை கிடைத்தது கல்யாணத்துக்கு முந்தின வருடம். பாட்டிக்குக் கிடைத்தது பல்லு விழுந்து முளைக்கிற வயதில். ஒரே வீட்டில் ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம். அம்மாவும் மகளும் ஒன்றாக முழங்கால் போட்டு வாங்கினதை ஊரே வேடிக்கை பார்த்ததாம். எழுத்தறியாத கிழவிகள் சிலர், "மூக்குச்சளி வழியிற பிள்ளைக்கு ஆண்டவரா?" என்று முறுமுறுத்ததாகவும் சொல்வாள். இப்போது லத்தீன் பூசைக்குப் போகிற என் பெரியவர் அன்றைக்கு இருந்திருந்தால், அந்தக் கிழவிகள் கூட்டத்தில்தான் நின்றிருப்பார் என்று எனக்குப் படுகிறது. அவரிடமும் சொன்னேன். லேஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அது புதுமையில்ல தம்பி, மறந்துபோன பழசை எடுத்தாரு" என்றார். பதில் நல்ல பதில்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் பின்னாலே லத்தீன் பூசையை மாற்ற வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வயது மட்டும் குறைந்தது, நோன்பு குறையவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் வாங்க வேண்டும். அந்தச் சட்டம் இளகினது 1950களில். காலை பூசையில் தலைசுற்றி விழுகிற பிள்ளைகளைத் தூக்கிப்போக வாசலில் ஆள் நிற்குமாம். கோயில் முற்றத்தில் வைத்துக் கருப்பட்டிக் காப்பியும் பழமும் கொடுக்கிற வழக்கம் அப்படித்தான் வந்தது என்று என் ஊகம்.

பாட்டுச் சமாச்சாரத்தில் அவர் வேறு ஆள். பாப்பானவரான அதே வருடம், 1903 நவம்பரில், கோயிலில் நாடகப் பாட்டு கூடாது, கிரகோரியன் பாட்டுதான் முறை என்று ஆணை போட்டார். பியானோ கூடாது. மேளம், ஜால்ரா கூடாது. பாடகர் குழுவில் பெண்கள் கூடாது. எங்கள் பங்கில் பாடகர் குழு என்றாலே பெண்கள்தான். இரண்டு ஆண்கள் கீபோர்டுக்கும் தபலாவுக்கும். இந்த ஆணையை அப்படியே நடத்தினால் மிச்சம் ஒன்றுமில்லை. பேண்டு செட் கோயிலுக்குள் கூடவே கூடாது, வெளியே பவனியில் ஆயர் அனுமதியோடு வாசிக்கலாம், அதுவும் சினிமாத்தனமான பாட்டு இல்லாமல் என்ற அர்த்தத்தில் ஒரு விதியும் இருக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சிங்காரிமேளம் கோயில் படியோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே ஆணையில்தான், ஜனங்கள் வழிபாட்டில் சும்மா நிற்காமல் முனைந்து பங்கெடுக்க வேண்டும் என்ற பேச்சும் முதலில் வருகிறது. அறுபது வருடம் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிப் பூசைக்குக் கதவைத் திறந்தபோது பிடித்துக்கொண்டது அந்த வார்த்தைகளைத்தான்.

இனி எனக்குப் பிடிக்காத பக்கம். அந்தக் காலத்தில் வேதாகமத்தை வரலாற்று முறையில் ஆராய்ந்த கத்தோலிக்க அறிஞர்கள் சிலர் கிளம்பியிருந்தார்கள். 1907இல் அவர்களுடைய கருத்துகளை மொத்தமாக ‘மாடர்னிசம்’ என்று கட்டி, எல்லாத் தப்பறைகளும் வந்து சேர்கிற இடம் அது என்று சுற்றுமடல் எழுதினார். பிரான்சின் லுவாசி 1908இல் சபையை விட்டு விலக்கப்பட்டார். இங்கிலாந்தில் இருந்த டிரெல் என்ற, இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்ட சாமியார் 1909இல் இறந்தபோது கத்தோலிக்க அடக்கம்கூட மறுக்கப்பட்டது. 1910இலிருந்து சாமியார்மார் எல்லாரும் மாடர்னிசத்துக்கு எதிராகச் சத்தியம் செய்ய வேண்டும். 1967இல்தான் அது போனது. நான் பிறந்தது அதற்கு முந்தின வருடம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் அந்தச் சத்தியம் செய்தவராகத்தான் இருந்திருப்பார்.

சத்தியம்கூடப் பரவாயில்லை. பெனிஞ்ஞி என்று ஒருவர், மொன்சிஞ்ஞோர் பட்டம் பெற்ற சாமியார், யார் என்ன பேசுகிறார்கள் என்று ஆள் வைத்து எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். ஆயர்கள், பேராசிரியர்கள் யாரையும் விடவில்லை. பின்னாளில் இருபத்துமூன்றாம் அருளப்பர் என்ற பெயரில் பாப்பானவராக ஆன ரொன்கல்லி மேலேயே சந்தேகக் குறிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. பாப்பானவருக்கு இது தெரியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்து ஆதரித்தார் என்பதற்குத்தான் பலம் அதிகம். பங்கில் கோள்மூட்டுகிறவன் எப்படியிருப்பான் என்று 17 வருடம் பங்கு பார்த்தவருக்குத் தெரியாதா? அடுத்து வந்த பதினைந்தாம் பெனடிக்ட் அந்த வலையைச் சுருட்டினார். அந்த பெனடிக்ட், ரம்போல்லாவின் ஆள். பத்தாம் பயஸ் அவரை ரோமிலிருந்து தள்ளி பொலோஞ்ஞாவுக்கு அனுப்பி, 1914 மே மாதம்வரை கர்தினால் ஆக்காமல் வைத்திருந்தார். மூன்று மாதத்தில் அவரே பாப்பானவர். மேலே இருப்பவர் கணக்கு வேறு.

1914 ஆகஸ்ட் 20, உலகப்போர் தொடங்கி ஒரு மாதம் ஆகும் முன்னே இறந்தார். ஏழையாகப் பிறந்தேன், ஏழையாக வாழ்ந்தேன், ஏழையாகவே சாக விரும்புகிறேன் என்று உயிலில் எழுதியிருந்தார். 1954 மே 29இல் புனிதர் பட்டம். டிக்கெட்டின் மறு பாதிக்கு 1959இல்தான் வேளை வந்தது: உயிரோடோ பிணமாகவோ திரும்பி வருவேன் என்று வெனிஸ்காரர்களிடம் சொன்னவருடைய உடலை, அருளப்பர் கொஞ்ச நாளைக்கு அங்கே அனுப்பி வைத்தார். சந்தேகப் பட்டியலில் இருந்த அதே ரொன்கல்லி.

இன்னொரு சட்டம் பாக்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் நேராக வந்தது அதுதான். 1907இல் போட்டு 1908 ஈஸ்டரிலிருந்து நடப்புக்கு வந்தது: கத்தோலிக்கர் யாரைக் கட்டினாலும், சாமியாரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கட்டினால்தான் அது கல்யாணம். ஒளிவு மறைவாகக் கட்டிக் கைவிடுகிறவர்களைத் தடுக்க அதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் விளவங்கோடு பக்கம் யோசித்துப் பாருங்கள். ஒரு விளையில் ஆர்.சி. என்கிற கத்தோலிக்க வீடு, அடுத்த விளையில் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் வீடு, ஒரே சாதி, ஒரே குளம், ஒரே பள்ளிக்கூடம். என் அத்தை 1960களில் சி.எஸ்.ஐ. மாமாவை அவர்கள் கோயிலில் வைத்துக் கட்டினாள். எங்கள் பக்கக் கணக்கில் அது கல்யாணமே இல்லை. அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். நற்கருணைக்கு எல்லாரும் எழும்பிப் போகும்போது பெஞ்சிலேயே இருப்பாள். மூத்த மகன் புதுநன்மை வாங்கினபோதும் அப்படியே இருந்தாள். உடுப்பு தைத்தது என் அப்பா. கலப்புத் திருமணச் சட்டத்தை 1970இல் பாப்பானவர் ஆறாம் பவுல் இளக்கின பிறகு, ஒருநாள் சாயங்காலம் சாமியார் கூப்பிட்டு, சாட்சிக்கு இரண்டு பேரை நிறுத்தி, கல்யாணத்தைச் சரிப்படுத்திக் கொடுத்தார். மாமா, "நமக்கு ஏற்கெனவே ரெண்டு பிள்ளை உண்டு சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை. ஏழு வயதுச் சட்டத்தையும் கல்யாணச் சட்டத்தையும் ஒரே ஆள்தான் போட்டார் என்று போனவாரம் சத்தமாகச் சொன்னேன்.

"ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான். மூணு வருச இடைவெளியில ரெண்டும்."

போனில் படம் எடுத்துக் காட்டினேன். வெள்ளை முடி, அகன்ற முகம், கொஞ்சம் வருத்தமான கண். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நேரம் போட்டுப் பார்த்தாள்.

"நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்காரு. பிள்ளையளுக்குப் பந்தியைத் திறந்துவிட்டாரு, கொள்ளாம். ஆனா அந்தப் பிள்ளையளைப் பெத்தவ எங்க இருப்பான்னு ஒரு தையல்காரி மகனுக்கு ஓர்மை வந்திருக்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு" என்றாள்.